மூன்றோடு நின்ற நேத்ரா

1999 ஜனவரி 11 அன்று அரக்கோணம் அருகே ஒரு விமானம் விழுந்தது. பழைய அவ்ரோ விமானம் அது. முதுகில் பெரிய வட்டத் தட்டு ஒன்றைச் சுமந்துகொண்டிருந்தது. ராஜாளி கடற்படை விமான தளத்திலிருந்து சோதனைக்காகப் பறந்தபோது அந்தத் தட்டு கழன்று போனது. விமானத்தில் இருந்த எட்டுப் பேரும் இறந்தார்கள். நான்கு பேர் பெங்களூருவில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள், நான்கு பேர் விமானப்படையினர்.

அந்தத் தட்டுக்குள் இருந்தது ரேடார் ஆண்டெனா. எதிரி விமானங்களை வெகு தொலைவிலேயே வானில் இருந்தபடி கண்டுபிடிக்கும் விமானத்தைச் சொந்தமாக உருவாக்க 1980-களில் தொடங்கிய முயற்சி அது. தட்டைச் சுமந்த அவ்ரோ முதலில் பறந்தது 1990-இல். இதற்கென்றே பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ 1991-இல் பெங்களூருவில் ‘கேப்ஸ்’ என்ற தனி மையத்தை நிறுவியது. எட்டு ஆண்டுகள் கழித்து விபத்து நடந்தது. அதன்பின் திட்டத்தையே மூடிவிட்டார்கள்.

2006 ஜூன் மாதம் சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் இதே வகையைச் சேர்ந்த விமானம் ஒன்று மலைப்பகுதியில் விழுந்து நாற்பது பேர் இறந்தனர். அந்நாட்டின் முன்னெச்சரிக்கை ரேடார் திட்டத்தில் உழைத்த பொறியாளர்கள் பலர் அதில் இருந்தார்கள். இறக்கையில் பனி உறைந்ததே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. ராணுவ அதிகாரிகள் தண்டிக்கப்பட்டார்கள். ஆனால், திட்டம் நிற்கவில்லை. மூன்றே ஆண்டுகளில், 2009 அக்டோபர் 1 தேசிய தின அணிவகுப்பில், இரண்டு வகை ரேடார் விமானங்கள் பெய்ஜிங் வானில் உலகறியப் பறந்தன. இன்று இந்த வகையில் சீனாவிடம் இருக்கும் விமானங்களை டஜன் கணக்கில்தான் எண்ண வேண்டும்.

இந்தியாவிடம்? ரஷ்ய விமானத்தின் மேல் இஸ்ரேல் ரேடாரைப் பொருத்திய ஃபால்கன்கள் மூன்று. பிரேசில் விமானத்தின் மேல் இந்திய ரேடாரைப் பொருத்திய ‘நேத்ரா’க்கள் மூன்று, அவற்றிலும் ஒன்றை டிஆர்டிஓ தன் சோதனைகளுக்கென வைத்துக்கொண்டது. பாகிஸ்தானிடம் இருக்கும் எண்ணிக்கை இதைவிட அதிகம்.

வழக்கமாக இந்த இடத்தில் ‘நம் விஞ்ஞானிகளால் முடியவில்லை’ என்றொரு பல்லவி எழும். அது உண்மையல்ல. விஞ்ஞானிகள் தங்கள் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார்கள். முடித்ததை வரிசையாகச் செய்து வாங்க முடிவெடுக்க வேண்டியவர்கள்தான் தடுமாறினார்கள்.

ரேடாரை ஏன் விமானத்தில் ஏற்ற வேண்டும் என்பதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. பூமி உருண்டை. ரேடார் அலை நேர்க்கோட்டில் போகும். தரையில் நிற்கும் ரேடாருக்கு, நூறு மீட்டர் உயரத்தில் தாழப் பறந்துவரும் போர் விமானம் ஏறக்குறைய 40 கிலோமீட்டருக்குள் வந்த பிறகுதான் தென்படும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் அந்தத் தூரத்தை மூன்று நிமிடத்துக்குள் கடந்துவிடும். தெருவில் நிற்பவருக்கு அடுத்த தெரு தெரியாது. மொட்டைமாடிக்குப் போனால் ஊர் தெரியும். ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் ரேடாருக்கு அடிவானம் 390 கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. மூன்று நிமிட அவகாசம் அரை மணி நேரமாகும் வாய்ப்பு பிறக்கிறது.

சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மேலிருந்து கீழே பார்த்தால் மலை, மரம், கடல் அலை, நெடுஞ்சாலையில் ஓடும் லாரி எல்லாமே ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு போர் விமானத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். பார்க்கும் விமானமே பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டிருக்கிறது என்பது இன்னொரு தலைவலி. பிரிட்டனின் அனுபவம் இதற்கு நல்ல சாட்சி. நிம்ராட் என்ற தன் விமானத்தின் மூக்கிலும் வாலிலும் ரேடார் வைத்து 1970-களின் பிற்பகுதியில் அந்நாடு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஏறக்குறைய 100 கோடி பவுண்டு செலவழிந்தது. ரேடாரோ சாலையில் போகும் கார்களையும் விமானங்கள் என்று காட்டிக்கொண்டிருந்தது. 1986 டிசம்பரில் திட்டத்தைக் கைவிட்டு, அமெரிக்காவிடம் போயிங் விமானங்களை வாங்கினார்கள். ரேடாரையே உலகுக்குக் காட்டிய நாடுகளில் ஒன்றுக்கு நேர்ந்த கதி இது.

அதே பிரிட்டன் இந்த விமானம் இல்லாமல் போனதன் விலையையும் அதற்குள் கொடுத்திருந்தது. 1982 மே 4 அன்று ஃபாக்லாந்து போரில், தாழப் பறந்துவந்த அர்ஜென்டினா விமானங்கள் ஏவிய எக்சோசெட் ஏவுகணை ‘ஷெஃபீல்டு’ போர்க்கப்பலைத் தாக்கியது. இருபது பேர் பலியானார்கள். அவசர அவசரமாக ஹெலிகாப்டர்களில் ரேடாரைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பதினோரு வாரத்தில் தயார். போர் அதற்குள் முடிந்துவிட்டது. ஷெஃபீல்டு தாக்கப்பட்ட அடுத்த மாதமே லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் இதற்கு நேரெதிரான காட்சி. இஸ்ரேலின் ஹாக்ஐ ரேடார் விமானங்கள் வானில் நின்று, சிரிய விமானங்கள் ஓடுபாதையை விட்டு எழும்பியதுமே தம் போர் விமானிகளுக்குத் தகவல் சொல்லின. வான்சண்டையில் சிரியா எண்பதுக்கும் மேற்பட்ட விமானங்களை இழந்தது.

இந்தியா அவ்ரோவை மூடிவைத்த பிறகு ஐந்து ஆண்டுகள் ஓடின. அந்த ஐந்து ஆண்டுகளுக்குள்தான் கார்கில் போரும் வந்தது. 2004-இல் இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. மார்ச்சில், மூன்று ஃபால்கன்களை 110 கோடி டாலருக்கு வாங்க இஸ்ரேலுடன் ஒப்பந்தம். அக்டோபரில், உள்நாட்டுத் திட்டத்துக்குப் புத்துயிர்.

ஃபால்கனுக்குப் பின்னால் ஒரு சுவையான கதை உண்டு. அந்த ரேடாரை முதலில் வாங்கவிருந்தது சீனா. அமெரிக்கா கண்ணை உருட்டியதால் 2000 ஜூலையில் இஸ்ரேல் அந்த விற்பனையைக் கைவிட்டு, சீனாவுக்கு நஷ்டஈடு கொடுத்தது. சீனாவுக்கு மறுக்கப்பட்டது இந்தியாவுக்குக் கிடைத்தது. நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால், கை நழுவிய பொருளுக்குப் பதிலாக வாங் ஷியாவ்மோ என்ற ரேடார் விஞ்ஞானியின் தலைமையில் சொந்தமாகச் செய்துகொள்ள முடிவெடுத்தார்கள் சீனர்கள். பின்னாளில் அந்நாட்டின் மிக உயர்ந்த அறிவியல் விருது அவருக்கு அளிக்கப்பட்டது. நமக்குக் கிடைத்ததோ மூன்று விமானங்கள். ‘அப்பாடா’ என்ற பெருமூச்சு அதற்கு மேல். அந்தப் பெருமூச்சுதான் பின்னாளில் விலை கேட்டது.

உள்நாட்டுத் திட்டத்தில் இம்முறை ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: விமானத்தையும் நாமே செய்வோம் என்று வீம்பு பிடிக்கவில்லை. பிரேசிலின் எம்ப்ரேயர் நிறுவனம் ஐம்பது பேர் பயணிக்கும் சிறிய ஜெட் விமானத்தின் முதுகில் ஸ்வீடன் ரேடாரைப் பொருத்தி ஏற்கெனவே விற்றுவந்தது. முதுகில் பாரம் ஏற்றினால் அந்த விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்பது அதனால் தெரிந்த விஷயம். அவ்ரோவில் பட்ட அடி கற்றுக்கொடுத்த பாடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். 2008-இல் மூன்று விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டு, முதுகில் நீளப் பலகைபோல் நிற்கும் ரேடாரை மட்டும் பெங்களூருவிலேயே வடிவமைத்தார்கள். சுழலும் தட்டு கிடையாது. பலகையின் இரு பக்கங்களிலும் வரிசையாகப் பதித்த சிறு சிறு அலைபரப்பிகள். அலையை மின்னணு முறையிலேயே திருப்பும் நவீன வகை. எல்ஆர்டிஇ என்ற ரேடார் ஆய்வகம் இதைச் செய்தது. டேராடூன், ஹைதராபாத் ஆய்வகங்கள் தகவல் தொடர்பையும் எதிரியின் மின்னணு அலைகளை ஒட்டுக்கேட்கும் கருவிகளையும் கொடுத்தன. எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்தது கேப்ஸ். அதன் இயக்குநராக இருந்த ஆண்டெனா வல்லுநர் எஸ். கிறிஸ்டோபர் பின்னர் டிஆர்டிஓவின் தலைவரானார்.

மாற்றியமைத்த விமானம் பிரேசிலில் 2011 டிசம்பரில் பறந்தது. அடுத்த ஆண்டு இந்தியா வந்தது. 2017 பிப்ரவரி 14 அன்று எலகங்கா விமானக் கண்காட்சியில் முதல் நேத்ரா விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டாவது, 2019-இல். 2004 அனுமதியிலிருந்து முதல் விமானம் வரை பதின்மூன்று ஆண்டுகள். நீளம்தான். ஆனாலும் ஸ்வீடன்காரர்கள் இதே பலகை ரேடாருக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் பிரிட்டன் கடைசிவரை முடிக்கவே இல்லை என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இது வெட்கப்பட வேண்டிய கணக்கல்ல.

நேத்ராவுக்குக் குறை இல்லையா என்றால், இருக்கிறது. பலகையின் இரு பக்கமும் தலா 120 பாகை பார்க்கும். மூக்குக்கு நேரேயும் வாலுக்கு நேரேயும் பார்வை கிடையாது. சிறிய விமானம் என்பதால் உள்ளே ஐந்து பேர்தான் திரைமுன் உட்கார முடியும். ஐந்து மணி நேரம் போல வானில் நிற்கும். நடுவானில் எரிபொருள் நிரப்பினால் ஒன்பது மணி நேரம். ஃபால்கனோ முழு வட்டத்தையும் பார்க்கும், இன்னும் தொலைவு பார்க்கும். இருந்தும் 2019 பிப்ரவரியில் பாகிஸ்தானின் பாலாகோட்டில் நம் விமானப்படை தாக்குதல் நடத்திய இரவில் நேத்ராவும் பணியில் இருந்ததாகச் செய்திகள் வந்தன. படையில் சேர்ந்த இரண்டே ஆண்டில் அப்படியொரு இரவுக்கு நம்பி அனுப்பினார்கள் என்பதே அதற்குக் கிடைத்த சான்றிதழ்.

மறுநாள் நடந்த ஒன்றை மறக்கக்கூடாது. பிப்ரவரி 27 காலை, பாகிஸ்தான் விமானங்கள் வந்த பரபரப்பில், ஸ்ரீநகர் அருகே பட்காமில் நம் சொந்த எம்ஐ-17 ஹெலிகாப்டரை நம் ஏவுகணையே வீழ்த்தியது. அதில் இருந்த ஆறு விமானப்படையினரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். பெரிய தவறு என்று விமானப்படைத் தளபதியே பின்னர் ஒப்புக்கொண்டார். ரேடார் விமானம் ஒன்று கூடுதலாக இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று சொல்வது அவசரப் பேச்சு. ஆனால், வானில் எது நம்முடையது, எது அவர்களுடையது என்ற ஒரே படம் எல்லோர் திரையிலும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டிய தேவையை அந்தக் காலைப் பொழுது காட்டியது.

சொந்த ரேடார் ஏன் வேண்டும் என்பதற்கான வலுவான வாதமும் இதுவே. தேசப்பெருமை அதற்கு அடுத்துத்தான் வரும். இந்திய விமானப்படையிடம் ரஷ்ய சுகோய், பிரெஞ்சு ரஃபேல், மிராஜ், உள்நாட்டுத் தேஜஸ், ரஷ்ய எஸ்-400, உள்நாட்டு ஆகாஷ் எல்லாம் இருக்கின்றன. இப்படி ஆளுக்கொரு மொழி பேசும் கூட்டத்தை ஒரே வலையில் இணைக்க, நடுவில் இருக்கும் மென்பொருள் நம் கையில் இருக்க வேண்டும். ஒரு வரியை மாற்றுவதற்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிக் காத்திருந்தால் வேலைக்காகாது. எதிரியின் புதிய ரேடார் ஒன்று ஒலித்தால் அதன் அடையாளத்தை அன்றிரவே நம் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதை நமக்காக இஸ்ரேலோ ஸ்வீடனோ செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். 1998-இல் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு தேஜஸ் திட்டத்தில் கூட்டாக வேலை செய்துகொண்டிருந்த அமெரிக்க நிறுவனம் ஒரே நாளில் கதவைச் சாத்தியது. அங்கே போன நம் பொறியாளர்கள் பாதி வேலையோடு திரும்பினார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். பாகிஸ்தானுடன் நமக்குள்ள எல்லை சுமார் 3,300 கிலோமீட்டர். சீனாவுடன் சுமார் 3,500. ஓரிடத்தில் இரவு பகலாக ஒரு ரேடார் விமானம் நிற்க வேண்டுமானால், ஒன்று வானில், ஒன்று போகவர, ஒன்று பராமரிப்பில் என்று குறைந்தது மூன்று, நான்கு வேண்டும். ஆறு விமானங்களை வைத்துக்கொண்டு இரண்டு எல்லைகளையும் கடலையும் எப்போதும் கண்காணிப்பது எந்த நிர்வாகத் திறமையாலும் ஆகாத காரியம். போர் வந்தால் அங்கே இங்கே நகர்த்திச் சமாளிக்கலாம். போருக்கு முந்தைய இரவுதான் பிரச்சினை.

நேத்ரா வெற்றி பெற்றதும் இன்னும் ஆறு, எட்டு என்று வரிசையாகச் செய்யச் சொல்லியிருக்க வேண்டும். நடந்தது வேறு. இதைவிடப் பெரிதாக, ஏர்பஸ் ஏ330 விமானத்தில் வட்டத் தட்டோடு செய்யலாம் என்று யோசனை வந்தது. 2015-இல் கொள்கை அளவில் தலையசைத்தார்கள். விலை அதிகம் என்று கோப்பு மேசை மேசையாக அலைந்தது. கடைசியில் அது கைவிடப்பட்டு, ஏர் இந்தியா பயன்படுத்திய ஏ321 விமானங்கள் ஆறில் ரேடார் வைக்கும் திட்டத்துக்கு 2021 செப்டம்பரில் அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தது. மதிப்பு சுமார் 11,000 கோடி ரூபாய். மூக்கிலும் ஆண்டெனா வைத்துப் பார்வையை 300 பாகையாக விரிப்பது நோக்கம். நல்ல திட்டம்தான். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த மூன்றுக்கு மேல் ஒரு நேத்ராகூட புதிதாகச் சேரவில்லை. 2025 மார்ச்சில்தான் மேலும் முன்னெச்சரிக்கை விமான அமைப்புகள் வாங்கப் பாதுகாப்புக் கொள்முதல் குழு முதற்கட்ட ஒப்புதல் அளித்தது. முதல் நேத்ரா ஒப்படைக்கப்பட்டு அப்போது எட்டு ஆண்டுகள் முடிந்திருந்தன. அதற்குள் அந்தச் சிறிய எம்ப்ரேயர் ஜெட்டின் உற்பத்தியே நின்றுவிட்டது. இனி பழைய பயணிகள் விமானங்களைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

பெரியதற்காகக் காத்திருந்து சிறியதையும் தவறவிடுவது நம் கொள்முதல் பழக்கம். சீனா தொடக்கத்தில் செய்தவற்றில் ஒன்றான கேஜே-200-உம் நம் நேத்ராவைப் போல் பலகை ரேடார்தான். அதைச் செய்து, படையில் சேர்த்து, குறைகளைக் கண்டு, அடுத்ததாகக் கேஜே-500-ஐ வரிசையாகத் தயாரித்தார்கள். குறையுள்ள முதல் வடிவத்தைப் பயன்படுத்திய விமானிகள்தான் இரண்டாவதற்கு உண்மையான தேர்வாளர்கள். அவர்கள் கையில் கொடுக்காமல் ஆய்வகத்திலேயே மெருகேற்றிக்கொண்டிருந்தால் வயதுதான் ஏறும்.

இப்படிப்பட்ட விமானங்களுக்கு இனி காலமே இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. அதை அலட்சியப்படுத்த முடியாது. 2024-இல் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் தலா ஒன்றாக இரண்டு ரஷ்ய ஏ-50 ரேடார் விமானங்களை வீழ்த்தியதாக உக்ரைன் அறிவித்தது. 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் நடந்த மோதலில், ரேடார் அல்லது மின்னணு உளவு விமானமாக இருக்கக்கூடிய பெரிய விமானம் ஒன்றை 300 கிலோமீட்டர் தொலைவிலேயே நம் எஸ்-400 வீழ்த்தியது என்று விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங் ஆகஸ்டில் பெங்களூருவில் சொன்னார்; பாகிஸ்தான் மறுத்தது. அமெரிக்காவிலும் புதிய ரேடார் விமானங்களைக் கைவிட்டு, செயற்கைக்கோள்களை நம்பலாம் என்று 2025-இல் ராணுவத் தலைமையகம் முன்மொழிந்து, நாடாளுமன்றத்தில் பெரும் வாக்குவாதம் நடந்தது.

இந்த வாதத்திலிருந்து ‘இனி வேண்டாம்’ என்ற முடிவுக்கு வருவதுதான் தவறு. வானில் பறக்கும் ஒரு போர் விமானத்தை விண்வெளியிலிருந்து நொடிக்கு நொடி தொடரும் செயற்கைக்கோள் கூட்டம் அமெரிக்காவுக்கே இன்னும் கைகூடவில்லை. அதை நம்பி இந்தியா இருக்கிற கண்ணையும் மூட முடியாது. எஸ்-400 கதையிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் வேறு. எதிரியின் நீண்ட தூர ஏவுகணைக்குப் பயந்து ரேடார் விமானம் பின்வாங்கிப் பறக்க வேண்டியிருக்கும். அப்படிப் பின்வாங்கினாலும் எல்லையை விடாமல் பார்க்க, விலையுயர்ந்த ஒன்றிரண்டு பெரிய விமானங்களைவிடப் பரவலாக நிற்கும் பல நடுத்தர விமானங்கள் மேல். ஒன்றை இழந்தால் கண்ணே போய்விட்டது என்ற நிலை கூடாது. இது நேத்ரா வகைக்குச் சாதகமான வாதம்.

அப்படியானால் எந்த விமானத்தில் ஏற்றுவது? வதோதராவில் டாடா–ஏர்பஸ் தொழிற்சாலை 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. விமானப்படைக்கான 56 சி-295 சரக்கு விமானங்களில் 40 இங்கே தயாராகின்றன. பழைய அவ்ரோக்களுக்குப் பதிலாக வருபவை இவைதாம். சி-295 விமானத்தில் இஸ்ரேல் ரேடார் தட்டைப் பொருத்தி ஏர்பஸ் 2011-லேயே காட்சிக்கு வைத்தது. ஆக, முதுகில் பாரத்தோடு பறக்கத் தகுந்ததா என்ற கேள்விக்கு ஓரளவு பதில் இருக்கிறது. புரொப்பெல்லர் விமானம் ஜெட்டைவிட மெதுவாக, சற்றே தாழ்வாகப் பறக்கும். ஏழரை கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தாலும் அடிவானம் 350 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். பெக்காவில் பறந்த ஹாக்ஐயும் புரொப்பெல்லர் விமானம்தான். உதிரிபாகமும் பராமரிப்பும் உள்நாட்டில் கிடைக்கும், பழைய விமானம் தேடி அலைய வேண்டாம், விமானிகளுக்கும் பழகிய இயந்திரம். முதுகுச் சுமையை எவ்வளவு தாங்கும், ரேடாருக்குப் போதிய மின்சாரம் கிடைக்குமா என்பதையெல்லாம் கேப்ஸ் ஆராய்ந்து சொல்லட்டும். ஆராயச் சொல்லி உத்தரவிட வேண்டியது பாதுகாப்பு அமைச்சகம். ஒப்பந்தப்படி 40-வது விமானம் 2031-இல் வெளிவர வேண்டும். மேலும் பத்துப் பன்னிரண்டு விமானங்களை அதே வரிசையில் சேர்ப்பதற்கான ஆணை, தொழிற்சாலை வேலையைச் சுருக்கத் தொடங்குவதற்கு முன்பே, அதாவது இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் கையெழுத்தாக வேண்டும்.